சர்க்கரைக் கட்டியில் ஐந்து சொட்டு

அன்று முழுவதும் தமயந்தி ஒரு முதுகுவலிக்காரரின் பின்னால் அலைந்திருந்தாள். குனியவே முடியாது என்று இன்ஷூரன்ஸுக்கு எழுதிக் கொடுத்திருந்த அந்த மனிதர், மத்தியானம் தனியாளாக ஒரு ஃபிரிட்ஜைத் தூக்கி வேனில் ஏற்றினார். அதைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பும்போது அவளுக்குத்தான் முதுகு வலித்தது. ஐம்பத்திரண்டு வயதில் அடுத்தவர்கள் சொல்லும் பொய்களில்தான் அவளுக்குச் சோறு. சான்ட்ரிங்ஹாம் பகுதியில் ஒரு இந்திய மளிகைக் கடைக்குப் பின்னால் இருந்த அவளுடைய துப்பறியும் அலுவலகத்தில், ஒரு பெண் கைப்பையை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நிமலன் நின்றுகொண்டிருந்தான். பஸ் ஓட்டுவது அவன் தொழில். துப்பறிவது அவன் ஆசை. வேலை முடிந்தாலும் லீவு என்றாலும் இங்கே வந்துவிடுவான்.

“அக்கா, இந்தப் பிள்ளை என்ர பஸ்ஸிலை அழுதுகொண்டு வந்தது. நான்தான் கூட்டிக்கொண்டு வந்தனான்” என்றான்.

அவள் பெயர் பூங்கோதை. கம்பத்துக்காரி. அதே நகரத்தின் த்ரீ கிங்ஸ் பகுதியில் ஐரீன் என்ற எண்பத்தெட்டு வயதுப் பெண்மணியை வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ளும் வேலை. ஏப்ரலில் ஐரீன் குளியலறையில் விழுந்தார். இன்னொரு தடவை ஏதாவது நடந்தால் முதியோர் இல்லம்தான் என்று மகன் கீத் அப்போதே சொல்லிவிட்டார்.

“போன ஞாயித்துக்கிழமை அவங்களுக்குச் சளி, இருமல். நான் கொதிக்கிற தண்ணியில மூடியால மூணு சொட்டுத் தைலம் விட்டு ஆவி பிடிக்க வச்சேன். சான்ட்ரிங்ஹாம்ல வாங்கின நம்ம நீலகிரித் தைலம்தான். வாசனை நல்லாருக்கு, பாட்டில் இங்கயே இருக்கட்டும்னாங்க. கட்டில் பக்கத்துல வச்சிட்டு ஏவன்டேல் சந்தைக்குப் போனேன். ஒன்றரை மணி நேரம் இருக்கும். வந்து பாத்தா கண்ணு சொருகிக் கெடக்காங்க. வாயெல்லாம் தைல வாசனை. நான்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.”

குறைந்தது இரண்டு டீஸ்பூன் வயிற்றுக்குள் போயிருக்கிறது என்றார் டாக்டர். பூங்கோதை தன் நாட்டு வைத்தியத்தைக் குடிக்கக் கொடுத்துவிட்டாள் என்று, அவளை வேலைக்கு அனுப்பிய ஏஜென்சியில் கீத் புகார் செய்தார். ஐரீனுக்குத் தெளிந்துவிட்டது, ஆனால் எதுவும் நினைவில்லை என்கிறார். வெள்ளிக்கிழமை விசாரணை. வேலை போனால் விசாவும் போகும். ஏனென்றால் அது அந்த ஏஜென்சியின் பெயரில் வந்த விசா.

“அதைப் போய் யாராவது குடிப்பாங்களாக்கா? எங்க வீட்டுல கைக்குட்டையில விட்டு மோந்து பாப்போம், நெத்தியில தடவுவோம், ஆவி பிடிப்போம். வாயில வச்சதே கிடையாது” என்று பூங்கோதை அழுதாள்.

“நாளைக்குத் துணிமணியை எடுக்க வர்றேன்னு கீத்துக்குப் போன் பண்ணு. நாங்களும் வர்றோம்” என்றாள் தமயந்தி.

மறுநாள் வியாழக்கிழமை காலை கீத் ஐரீன் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டு மார்பின் குறுக்கே கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அறுபது வயதிருக்கும். கெட்டவராகத் தெரியவில்லை, சரியாகத் தூங்காதவராகத் தெரிந்தார். “உங்கள் நாட்டு மருந்துகளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது” என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார்.

“அது எங்கள் நாட்டு மருந்தில்லை. அந்த யூகலிப்டஸ் மரத்தை ஊட்டிக்குக் கொண்டுவந்ததே வெள்ளைக்காரர்கள்தான். இந்த ஊருக்கும் அப்படித்தான் வந்திருக்கும்” என்றாள் தமயந்தி, அலுப்போடு.

கீத்தின் முகம் கொஞ்சம் இளகியது. கூடத்துக் கண்ணாடி அலமாரியைத் திறந்து, தன் கொள்ளுப்பாட்டி காலத்து வீட்டுக் குறிப்பு நோட்டை எடுத்துக் காட்டினார். 1889 என்று போட்டிருந்தது. யூகலிப்டஸ் தைலத்துக்கென்றே இரண்டு பக்கம். மார்புச் சளிக்கு ஃபிளானல் துணியில் விட்டுக் கட்டவும், பேனுக்குத் தலையில் தேய்க்கவும், கோட்டில் பட்ட தார்க்கறையைப் போக்கவும், காய்ச்சல்காரர் படுத்திருந்த அறையைத் துடைக்கவும். டாக்டர் வர இரண்டு நாள் ஆகும் பண்ணை வீட்டில் அந்த ஒரு சீசாதான் ஆஸ்பத்திரி. இருமலுக்கு ‘சர்க்கரைக் கட்டியில் ஐந்து சொட்டு’ என்று அடிக்கோடு போட்டு எழுதியிருந்தது. நோட்டுக்குப் பக்கத்தில் அந்தக் காலத்து நீலச் சீசாவும் இருந்தது. அதன் தக்கையின் ஓரத்தில் கத்தியால் ஒரு சிறு பள்ளம் வெட்டியிருந்தார்கள்.

“சின்ன வயதில் அம்மா எனக்கும் கொடுத்திருக்கிறார். தக்கையை எடுக்காமல் சீசாவைக் கவிழ்த்துக் குலுக்குவார். சொட்டுச் சொட்டாக விழும்” என்றார் கீத்.

நிமலன் தமயந்தியின் காதருகே வந்து, “அக்கா, கேட்டனீங்களோ? மகன்தான் குடுத்திருக்கிறான்! வீடு கைக்கு வருமெல்லோ” என்றான்.

“கொஞ்சம் பொறுங்க, நிமலன்.”

ஐரீனின் படுக்கையறையில் ஜன்னலிலிருந்து ஒரு எறும்பு வரிசை இறங்கி, கட்டிலின் இடப்பக்கம் இருந்த சின்ன மேஜையில் ஏறி, இழுப்பறைக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

“அவங்களுக்கு நீரிழிவாச்சே. இந்த வீட்டுல சர்க்கரையே வாங்குறதில்ல” என்றாள் பூங்கோதை.

கீத்திடம் கேட்டுக்கொண்டு தமயந்தி இழுப்பறையைத் திறந்தாள். கைக்குட்டைகளுக்கு அடியில், கஃபேக்களில் காபிக்குத் தரும் சர்க்கரைக் கட்டிகள், காகிதம் சுற்றியபடியே ஒன்பது கிடந்தன. கூடவே இரண்டு வெற்றுக் காகிதங்கள். அவற்றின் ஓரம் கந்தலாகக் கடிபட்டிருந்தது. பல் பதிந்த தடம்கூடத் தெரிந்தது. காகிதங்களில் தைல நெடி இன்னும் போகவில்லை.

“அம்மா செவ்வாய்தோறும் சர்ச் தோழிகளோடு காபி குடிக்கப் போவார்” என்றார் கீத், குழப்பத்தோடு.

தமயந்தி எல்லாவற்றையும் படம் எடுத்தாள். பிறகு பூங்கோதையிடம், “அவங்க கை எப்படி?” என்று கேட்டாள்.

“வலது கை வெளங்காதுக்கா. ஸ்ட்ரோக் வந்ததுல போனது.”

“நம்ம தைல பாட்டில் எங்கே?”

கீத் அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்திருந்தார். ஊட்டியில் அடைத்த சாதாரண பாட்டில். மூடியைத் திருகினால் உள்ளே அடைப்பு எதுவும் இல்லை, வாய் முழுக்கத் திறப்பு. தமயந்தி தன் கைக்குட்டையின் மேல் அதை லேசாகச் சாய்த்தாள். குபுக்கென்று கொட்டி நனைத்தது. அவள் பெருமூச்சு விட்டாள். விடை கிடைத்துவிட்டது, அது அவளுக்குச் சந்தோஷம் தரவில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கீத்தும் வந்தார். வார்டு வாசலில், எல்லோருக்கும் டீ வாங்கி வர முடியுமா என்று தமயந்தி அவரைக் கீழே அனுப்பினாள்.

ஐரீன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பூங்கோதையைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“உங்கள் மகன் திரும்பி வரப் பத்து நிமிடம் ஆகும். அதற்குள் நான் நினைப்பதைச் சொல்லிவிடுகிறேன். தவறென்றால் திருத்துங்கள்” என்று தமயந்தி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். “இந்தப் பெண் ஊரில் தைலத்தை மோந்து பார்ப்பார்கள், விழுங்க மாட்டார்கள். சர்க்கரைக் கட்டியில் விட்டுத் தின்பது உங்கள் வீட்டு வழக்கம். சரி, மகன் கொடுத்திருப்பாரா? இரண்டு கை உள்ளவர் காகிதத்தைப் பிரிக்கப் பல்லைத் தேட மாட்டார். அந்தக் காகிதங்களைக் கடித்துப் பிரித்தவருக்கு ஒரு கைதான் வேலை செய்கிறது. சர்க்கரை ஒளித்து வைத்த இடமும் அவருக்குத்தான் தெரியும்.”

“அஞ்சு சொட்டு எப்பிடி ரெண்டு டீஸ்பூன் ஆச்சுது?” என்று நிமலன் தமிழில் கேட்டான். அவனுக்குப் பொறுக்கவில்லை.

தமயந்தி ஐரீனைப் பார்த்தே பதில் சொன்னாள். “உங்கள் வீட்டுச் சீசா எவ்வளவு குலுக்கினாலும் சொட்டுச் சொட்டாகத்தான் விடும். எண்பது வருஷப் பழக்கத்தில் இதையும் கவிழ்த்துக் குலுக்கினீர்கள். கொட்டிவிட்டது. விளங்காத கையின் உள்ளங்கையில் வைத்திருந்த கட்டி ஊறிக் கரைந்து கை நிறையத் தைலம். இரண்டாவது கட்டியும் அப்படித்தான். வீணாக்க மனம் வராமல் அப்படியே வாயில் போட்டுக்கொண்டீர்கள்.”

ஐரீன் இடது கையால் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, “திங்கட்கிழமை கீத் என்னைப் பார்க்க வருவதாக இருந்தான். இருமலோடு பார்த்தால் இல்லத்தில் சேர்த்துவிடுவான். அதற்குள் சரியாகிவிட வேண்டும் என்று நினைத்தேன்” என்றார்.

“நினைவில்லை என்று சொன்னது?”

“எல்லாம் நினைவிருக்கிறது.” அப்போதுதான் அவர் பூங்கோதையைப் பார்த்தார். “நீ நல்ல பெண். உனக்கு வேறு வீடு கிடைத்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு வேறு வீடு கிடையாது.”

“இந்த வேலை போனால் நான் இந்த நாட்டிலேயே இருக்க முடியாது, ஐரீன்” என்றாள் பூங்கோதை, தட்டுத் தடுமாறிய ஆங்கிலத்தில்.

“அது எனக்குத் தெரியாதே. யாரும் என்னிடம் சொல்லவில்லையே.”

தமயந்திக்கு எழுந்து போய்விடலாம் போலிருந்தது. பொய் சொல்பவர்கள் எல்லோரும் ஃபிரிட்ஜ் தூக்குபவர்களாகவே இருந்தால் இந்தத் தொழில் எவ்வளவு நன்றாக இருக்கும்! “உங்கள் மகனிடம் நான் சொல்வதைவிட நீங்களே சொல்வது நல்லது” என்று மட்டும் சொன்னாள்.

கீத் டீயோடு வந்தபோது ஐரீன் அவரை உட்காரச் சொல்லி, ஒன்றும் விடாமல் சொன்னார். கீத் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வெளியே போய் ஏஜென்சிக்குப் போன் செய்தார். திரும்பி வந்து பூங்கோதையிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு கோட்டின் உள்பையிலிருந்து நான்காக மடித்த முதியோர் இல்லப் படிவம் ஒன்றை எடுத்து அம்மாவின் மடியில் விரித்தார். ஏப்ரலிலேயே நிரப்பி வைத்தது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. “பூங்கோதை சந்தையிலிருந்து வர இன்னும் அரை மணி நேரம் ஆகியிருந்தால் நீ இல்லை, அம்மா” என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. ஐரீன் அதன் மடிப்பை இடது கையால் நீவிவிட்டார். பேனா கேட்டார்.

கார் நிறுத்துமிடத்துக்கு நடக்கும்போதே பூங்கோதைக்கு ஏஜென்சியிலிருந்து மெசேஜ் வந்துவிட்டது. விசாரணை ரத்து. திங்கட்கிழமை முதல் ஏவன்டேலில் வேறொரு வீடு.

“பிறகென்ன, கேஸ் வெண்டாச்சு!” என்றான் நிமலன். பூங்கோதையின் முகத்தைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

பூங்கோதை காரில் ஏறாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அக்கா, நீங்க இதைக் கண்டுபிடிக்காம இருந்திருந்தா அவங்க வீட்டுக்குப் போயிருப்பாங்கல்ல?”

“ஆமா” என்றாள் தமயந்தி. “நீ கம்பத்துக்குப் போயிருப்பே.”

பூங்கோதை தலையாட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக் கட்டடத்தை ஒரு தடவை பார்த்தாள். “முதியோர் இல்லத்துல பார்வையாளர் நேரம் எப்பன்னு எப்படிக்கா தெரிஞ்சுக்கிறது?” என்று கேட்டாள்.