மணியில் சுட்ட குறி

பூரணிக்கு வயது பத்து. அவள் கேட்கும் கேள்விகளுக்கு வயது அறுபது என்பாள் அவளுடைய அம்மா. வவுணதீவுப் பக்கம் அவர்களுடைய ஊர். அது சண்டைக்காலம். பள்ளிக்கூடம் பாதி நாள் பூட்டிக் கிடக்கும். ஆனால் பூரணியின் கேள்விகளுக்கு ஒருநாளும் லீவு கிடையாது.

அவளுக்கு ஒரு சின்னம்மா இருந்தாள். பெயர் கண்ணகை. அம்மன் கோயில் சடங்கு வந்தால் பம்பரமாய்ச் சுழல்வாள். தண்ணீர் அள்ளுவாள், அரிசி களைவாள், பூக்கட்டுவாள். ஆனால் கடைசி நாள், கோயில் பொறுப்பாளரான வண்ணக்கர் கனகசிங்கம் ஒவ்வொரு தாய்வழிக் குடியின் பெயரையும் சொல்லிக் கூப்பிடுவார். அந்தக் குடிப் பெண்கள் பொங்கல் பானையோடு முன்னே போவார்கள். அந்த நேரம் பார்த்துச் சின்னம்மா கிணற்றடிக்குப் போய்விடுவாள். கழுவிய பானையையே திரும்பத் திரும்பக் கழுவுவாள்.

இந்த வருடச் சடங்குக்கு மூன்று வாரம் இருந்தது. பூரணி கேட்டேவிட்டாள்.

“சின்னம்மா ஏன் நம்மளோட பானை தூக்குறல்ல?”

அம்மா பெருமூச்சு விட்டாள். “பெத்த அம்மாட குடிதானே மனே பிள்ளைக்கும். அவள் என்ட தங்கச்சிதான். ஆனா நம்மட வீட்டில பிறக்கல்ல. நான்தான் கண்டெடுத்தன்.”

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளிக்கு மறுநாள், வாவிக்கரைக் கண்டல் மரங்களுக்குள் ஒரு தோணி சிக்கிக் கிடந்தது. அதற்குள் ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று, இடுப்பில் மரமணி ஒன்றைக் கட்டிக்கொண்டு, விரல் சூப்பியபடி இருந்தது. அப்போது பதினெட்டு வயதான அம்மா அதைத் தூக்கிவந்தாள். எங்கெல்லாமோ விசாரித்தார்கள். ஊர்களே சிதறிக் கிடந்த நேரத்தில் யார் பதில் சொல்வது? அம்மாவின் பெற்றோரே பிள்ளையை வளர்த்தார்கள்.

“அந்த மணி எங்கம்மா?”

“அது மாட்டுக் கண்டுக்குக் கட்டுற மணிதானே? ஆரோ விளையாடக் கொடுத்திருப்பாங்க. நம்மட செவலைக் கண்டுட கழுத்தில கிடக்கு.”

பூரணி மாட்டுப் பட்டிக்கு ஓடினாள். செவலையின் கழுத்து மணியைக் கழற்றித் தேங்காய்த் தும்பு போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தாள். பதினேழு வருட அழுக்குக்கு அடியில், மரத்தில் சுட்ட ஒரு குறி தெரிந்தது. ஓர் அரைவட்டம். அதற்குள் மூன்று புள்ளி.

அட, இத்தனை பேர் இருந்தும் யாருக்கும் தோன்றவில்லையே! அந்த ஊர்களில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு மாட்டுக்குறி உண்டு. மாடு தொலைந்தால் குறியைப் பார்த்து உரியவரிடம் சேர்ப்பார்கள். பிள்ளை தொலைந்தபோது மட்டும் யாரும் மணியைத் திருப்பிப் பார்க்கவில்லை.

சின்னம்மா குறியை விரலால் தடவிப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. “என்னப் பெத்தவட பேர் தெரிஞ்சாப் போதும் பூரணி. வேற ஒண்டும் வேணாம்.”

மறுநாளே பூரணி பழைய கொப்பி ஒன்றோடு வட்டைக்குப் புறப்பட்டாள். அறுவடை முடிந்த வயல்வெளி முழுக்க மாடுகள் மேய்ந்தன. ஒவ்வொரு மாட்டின் பின்னாலும் போய், தொடையிலுள்ள குறியைப் பார்த்து வரைந்தாள். ஒரு மாடு உதைத்தது. ஒன்று வாலால் கன்னத்தில் அறைந்தது. இன்னொன்று நாலு குறி வரைந்த பக்கத்தையே தின்றுவிட்டது. அந்த நாலு மாட்டையும் தேடி அவள் மறுபடி நடந்தாள். சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பொறுமை பெரியவர்களுக்கும் வராது.

இருபத்து மூன்று குறிகள் சேர்ந்தன. ஒன்றும் பொருந்தவில்லை.

மாடு மேய்க்கும் இளையதம்பி மணியை வாங்கிப் பார்த்தார். “இது அக்கரை மாட்டுக் குறி மனே. தாழையடியார் குடி. சூறாவளிக்கு முதல் இஞ்சால மேய்க்கக் கொண்டு வருவாங்க. அதில ஒரு மனிசி, ஆச்சிப்பிள்ளை, செங்கலடிச் சந்தையில தயிர் விக்கிறாவாம்.”

பூரணியும் சின்னம்மாவும் வாவியின் அக்கரைக்குப் புறப்பட்டபோது அம்மா சின்னம்மாவின் தலையை வாரிவிட்டாள். “பின்னேரம் வந்திருவாய்தானேகா?”

“வராம எங்கக்கா போவன்?” என்று சின்னம்மா அவளைக் கட்டிக்கொண்டாள்.

வழியில் இராணுவச் சோதனை. ஒரு சிப்பாய் கொப்பியைப் புரட்டினான். பக்கம் பக்கமாக வட்டம், கோடு, புள்ளி! அவன் முகம் இறுகியது.

“என்ன இது? ரகசியமா?” என்றான் தடுமாறிய தமிழில்.

பூரணி மணியை எடுத்து ஆட்டினாள். “ம்மா…!” என்று கத்தினாள். பிறகு தன் தொடையில் விரலை வைத்து, “ஸ்ஸ்ஸ்!” என்று சூடு பட்டதுபோலத் துள்ளினாள்.

சிப்பாய் ஒரு கணம் முழித்தான். பிறகு வாய்விட்டுச் சிரித்தான். பென்சிலை வாங்கிக் கொப்பியில் ஒரு குறி வரைந்தான். “எங்க வீடு. அம்மா. ஏழு மாடு,” என்று சொல்லிக் கையசைத்து அனுப்பினான். அது இருபத்து நான்காவது குறி.

செங்கலடிச் சந்தையில் ஆச்சிப்பிள்ளை, சின்னம்மாவின் முகத்தைப் பார்க்குமுன் அவள் கையிலிருந்த மணியைத்தான் பார்த்தார். தயிர்ச் சட்டி மேல் இருந்த கை அப்படியே நின்றது.

“இது… என்ட தங்கச்சி கட்டின மணியெல்லோ! அவள்ட பிள்ள நடக்கத் தொடங்கினா வாவிக்குத்தான் ஓடும். சத்தம் கேட்டாப் பிடிக்கலாமெண்டு கண்டுட மணியக் கழட்டி இடுப்பில கட்டினாள். வெள்ளம் வரக்குள்ள பிள்ளையத் தோணியில வெச்சாள். அவள் ஏறுறதுக்குள்ள தண்ணி இழுத்திட்டு. ரெண்டு பேரும் போயிட்டாங்க எண்டுதான் நான்…”

“அவட பேர் என்ன?” என்று சின்னம்மா கேட்டாள்.

“பொன்னாச்சி.”

“பொன்னாச்சி,” என்று சின்னம்மா சொல்லிப் பார்த்தாள். இன்னும் ஒருமுறை சொன்னாள். ஆச்சிப்பிள்ளை அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். சந்தை நடுவில் இருவரும் அழுதார்கள். பூரணி தயிர்ச் சட்டிகளுக்குக் காவல் நின்றாள்.

சடங்கின் கடைசி நாள். ஆச்சிப்பிள்ளையும் வந்திருந்தார். பூரணி வண்ணக்கரிடம் ஓடினாள். “இன்னுமொரு குடி இருக்கு. தாழையடியார் குடி.”

“நம்மட ஊரில அந்தக் குடி இல்லையே புள்ள?”

“இருக்கு. கிணத்தடியில பானை கழுவிக்கொண்டு நிக்கிது.”

வண்ணக்கர் கிணற்றடியைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். “தாழையடியார் குடி!”

சின்னம்மா ஈரக்கையோடு வந்தாள். ஆச்சிப்பிள்ளை ஒரு பக்கம் பானையைப் பிடித்தார். மறுபக்கத்தை அம்மா விடவே இல்லை. இடுப்பில் மணி குலுங்கக் குலுங்கச் சின்னம்மா முன்னே போனாள்.

வீட்டுக்கு வந்தால் செவலையைக் காணோம்! மணி இல்லாத கன்றை எங்கே தேடுவது? சின்னம்மா வாவிக்கரைக்குப் போய் மணியை ஆட்டினாள். கண்டல் பற்றைக்குள் இருந்து “ம்மா!” என்று ஓடிவந்த செவலை, பழைய நினைப்பில் கழுத்தை நீட்டியது.

சின்னம்மா அதன் நெற்றியைத் தடவினாள்.

“உனக்கு வேற மணி வாங்கித் தாறன்கா செவலை. இது என்ட அம்மா எனக்குக் கட்டினது.”