கடிபடாத கொடி

உங்கள் வீட்டுத் தோட்டத்தில் ஏதோ ஒரு பிராணி புகுந்து செடியைக் கடித்துவிட்டுப் போனால், காலையில் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? கடித்ததையா, கடிக்காமல் விட்டதையா?

கடித்ததை மட்டும்தான் அவள் பார்த்தாள். வீட்டுக்குப் பின்னால் பத்தடிக்கு எட்டடி மண். அதில் தக்காளி பழுத்துச் சிவந்து தொங்கியது. கத்தரி, வெண்டை, ஒரு பாத்தி கீரை. எதிலும் பல் படவில்லை. படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே தானாக முளைத்த ஒரு கொடியின் நுனிகளை மட்டும் தினமும் ஏதோ கடித்துப் போட்டிருந்தது. தின்றது போலக்கூட இல்லை. பாதிக்கு மேல் மென்று கீழே துப்பியிருந்தது.

ஒருநாள் பொழுது சாயும்போது சமையலறையில் இருந்து பார்த்தாள். இரண்டு அணில், ஒரு பெருச்சாளி, மதிலுக்கு அந்தப்பக்கத்துப் புதரில் இருந்து வரும் சாம்பல் முயல். ஒன்றையொன்று துரத்தவில்லை, ஒன்றுக்கொன்று பயப்படவும் இல்லை. உடம்போடு உடம்பு உரச நின்று, இருட்டுவதற்குள் முடித்தாக வேண்டிய வேலைக்கு வந்த கூலியாட்களைப் போல, அவசர அவசரமாக நுனி நுனியாக நறுக்கிக்கொண்டிருந்தன. கை தட்டி விரட்டினாள். முயல் மட்டும் போவதற்கு முன் ஒருமுறை திரும்பிப் பார்த்தது. அவளை அல்ல, ஜன்னலை.

ஜன்னலுக்கு உள்ளே அவள் கணவன் படுத்திருந்தான். லாரி டிரைவர். சரக்கின் மேல் ஏறித் தார்ப்பாய் கட்டும்போது வழுக்கி விழுந்து தொடையெலும்பு முறிந்துவிட்டது. இடுப்பில் இருந்து பாதம் வரை மாவுக்கட்டு. ஆறு வாரம் அசையக்கூடாது. கால்விரலை மட்டும் மணிக்கொரு தரம் ஆட்ட வேண்டும், ஆட்டினால்தான் ரத்தம் ஓடும், இல்லையென்றால் காலே போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அவள் கூடத்தில் தையல் மெஷினை மிதித்துக்கொண்டே மணி பார்த்துக் குரல் கொடுப்பாள்.

“டிரைவர் சார், ஆட்டுங்க பாக்கலாம்.”

“ஃபர்ஸ்ட் கியர்… செகண்ட் கியர்… போதுமா டெய்லரம்மா? ரிவர்ஸும் போடவா?”

“ரிவர்ஸ்ல போயித்தான் மேலேர்ந்து விழுந்தீங்க. முன்னாடியே போங்க.”

அவனுக்கு வெளியுலகம் என்று மிச்சமிருந்தது அந்த ஜன்னலும் கொடியும்தான். அது சுரையா பூசணியா என்று இருவருக்கும் தினமும் சண்டை.

“நான் எந்திரிக்கிறதுக்குள்ள இது ஜன்னல் ஏறிடும்னு பாத்தேன். தலையெடுக்க விடுதுங்களா பாரு. நானும் அதும் ஒண்ணா முடங்கிக் கிடக்கோம்,” என்று அவன் சொன்ன அன்று, அவள் வலை வாங்கப் போனாள்.

கடைக்காரர் பச்சை வலையை அளந்துகொண்டே கேட்டார். “தக்காளிக்காம்மா?”

“இல்லீங்க, ஒரு கொடிக்கு. தக்காளிய எதுவும் தொடறதில்ல.”

அளந்துகொண்டிருந்த கை நின்றது. “பழுத்த தக்காளிய விட்டுட்டா?” பிறகு அவரே சிரித்தார். “என்ன ருசியோ போங்க. கொம்பு ஒண்ணு நட்டுருங்கம்மா. இல்லேன்னா ஆடாம அசையாம எது இருக்கோ, கொடி அதப் புடிச்சிக்கும்.”

கொம்பு நட்டாள். ஜன்னலையும் கொடியையும் சேர்த்து மூடி, வலையைச் சுவரில் ஆணியடித்து, அடிப்பக்கத்தை ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணில் புதைத்தாள். மூன்று நாள் அவை வலையைச் சுற்றிச் சுற்றி வந்தன. விளக்கேற்றும் நேரத்தில் தொடங்கும் அந்தச் சத்தம், நைலான் இழையில் நகம் இழுபடும் சத்தம், இடையிடையே அணில் ஒன்று வலித்துக் கத்துவது போன்ற கீச்சு, மெஷினை எவ்வளவு வேகமாக மிதித்தாலும் அதற்கு மேலாக வந்து அவள் காதில் விழுந்தது. நாலாம் நாள் நின்றுவிட்டது. அன்றோடு சிள்வண்டுகளும் நின்றன.

கொடி நாளுக்கு ஒரு முழம் வளர்ந்தது. நட்ட கொம்பை அது தொடவில்லை. சுவரில் ஏறி, ஜன்னல் கம்பியில் சுற்றி, உள்ளே நுழைந்து கட்டில் சட்டத்தைப் பிடித்தது. அறையில் ஒரு வாசம் வரத் தொடங்கியது. நறுக்கிய வெள்ளரிக்காயும் நனைந்த சுண்ணாம்பும் கலந்தது போன்ற, மூக்கில் ஏறி அங்கேயே தங்கிக்கொள்ளும் பச்சை வாசம். கட்டிலைப் பிடித்த நுனியை ஒருநாள் கத்தரிக்கோலால் வெட்டினாள். தூங்கிக்கொண்டிருந்தவன் ‘ஸ்’ஸென்று மூச்சை இழுத்தான். கெட்ட கனவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

“அத வெட்டாத. வந்த விருந்தாளிய யாராவது வெளிய தள்ளுவாங்களா?” என்றான் விழித்ததும். முகம் தெளிவாக இருந்தது. முன்பெல்லாம் கட்டுக்குள்ளே அரிக்கிறது என்று குடைக்கம்பியை விட்டுச் சொறிந்துகொண்டு கிடப்பான். இப்போது கம்பி தரையில் கிடந்தது. பாதத்தில் மட்டும் குளிர்கிறது என்று போர்வை கேட்டான். போர்த்திவிட்டாள். சாப்பாடு பாதி திரும்பி வந்தது. தண்ணீர் மட்டும் கேட்டுக் கேட்டுக் குடித்தான்.

ஆறு வாரம் முடிந்தது. காலையில் கம்பவுண்டர் வந்து கட்டைப் பிரிப்பார். பிரித்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு கூடம் வரை நடக்கிறேன் என்று அவன் பந்தயம் கட்டியிருந்தான்.

அதற்கு முந்திய மாலை. வெளியே வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. தைத்து முடித்த துணியை மடித்து வைத்துவிட்டு, டீயோடு அறை வாசலுக்கு வந்துகொண்டே வழக்கம்போலக் கேட்டாள்.

“ஆட்டுங்க பாக்கலாம்.”

“ஃபர்ஸ்ட் கியர்…”

போர்வை விலகியிருந்தது.

“செகண்ட் கியர்…”

விரல்கள் ஆடவில்லை.

“போதுமா டெய்லரம்மா?”

டீயைக் கீழே வைத்தாள். கிட்டே போனாள். பெருவிரலில் பச்சைச் சுருள் ஒன்று மூன்று சுற்றுச் சுற்றி, கட்டுக்குள்ளே போயிருந்தது.

“மோதிரம் போட்டு விட்டிருக்கு பாத்தியா?” அவன் சிரித்தான். “அரிப்பு சுத்தமா நின்னுபோச்சு.”

“என்னங்க, இது தெரியுதா?” விரலைக் கிள்ளினாள்.

நகம் உள்ளே இறங்கியது. பிஞ்சுக் காயில் இறங்குவது போல. சுலபமாக. கீறலில் நீர் துளிர்த்தது. சிவப்பு இல்லை.

அவன் சிரித்துக்கொண்டே இருந்தான்.

துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினாள். அடியோடு வெட்டிவிட வேண்டும். வெட்டிவிட்டால் போதும். புதைத்த வலையின் அடியைப் பிடுங்கி, உள்ளே கையை விட்டு அடித்தண்டைப் பிடித்தாள். கையோடு வந்தது. சருகு. எப்போதோ காய்ந்து உளுத்த சருகு. மண்ணில் வேரே இல்லை.

நிமிர்ந்து பார்த்தாள். தலைக்கு மேலே இலைகள் கொழுகொழுவென்று இருந்தன. ஈரமாக. சொட்டச் சொட்ட.

மண்ணில் இருந்து வரவில்லை. அப்படியென்றால் உள்ளே இருந்து.

மதிலில் ஏதோ அசைந்தது. அணில்கள். இரண்டு அல்ல, வரிசையாக. பெருச்சாளிகள். முயல் மதிலடியில். இன்னும் பெயர் தெரியாத சிறு உருவங்கள். சத்தமே இல்லை. காத்துக்கொண்டிருந்தன.

அவற்றுக்குத் தெரியும். ஆரம்பத்தில் இருந்தே தெரியும். விரட்டியது அவள்தான்.

கத்தரிக்கோலை வலையில் கொடுத்து மேலிருந்து கீழாகக் கிழித்தாள். “வாங்க,” என்றாள். “வாங்க சாமிகளா. தின்னுங்க. ஒண்ணு விடாம தின்னுங்க.”

வந்தன. காலை உரசிக்கொண்டு வந்தன. அவள் அழுதுகொண்டே வழிவிட்டாள்.

ஓர் இலையைக்கூட அவை கடிக்கவில்லை. கொடியைப் பிடித்து ஏறின. ஜன்னல். கம்பி. உள்ளே.

வீட்டுக்குள் ஓடினாள். கூடம். அறைக்கதவு காற்றில் சாத்தியிருந்தது. கை தாழ்ப்பாளில்.

கறுக். கறுக். கறுக்.

“ஏய்… கூசுது,” என்றான் உள்ளே. சிரிப்பு. “டெய்லரம்மா… எத்தன பேரு வந்திருக்காங்க…”

தள்ளு. கதவைத் தள்ளு. கை தள்ளவில்லை.

“விடு. நல்லாருக்கு.”

கறுக்.

“என்னங்க?”

கறுக். கறுக்.

“என்னங்க…”

மறுநாள் காலை எட்டரை மணிக்குக் கம்பவுண்டர் கட்டு அறுக்கும் மெஷினோடு வந்தார். தாழ்ப்பாளில் இருந்து அவள் கையை அவர்தான் விலக்கினார். கட்டிலில் மாவுக்கட்டு மட்டும் கிடந்தது. எங்கும் வெடிப்பு இல்லை. இடுப்புப் பக்கத்து விளிம்பு முழுக்கச் சின்னச் சின்னப் பல் தடங்கள். விரிப்பு பச்சையாக நனைந்திருந்தது. அவர் குனிந்து கட்டுக்குள் எட்டிப் பார்த்தார். பாதம் வரைக்கும் காலியாக இருந்தது.