கனம் குறைந்த சேறு

தண்ணீர் வற்றி மோட்டாரைக் கழற்றியதிலிருந்து காய்ந்து கிடந்த கொல்லைப்புறப் போர்வெல்லின் கல்மூடியைச் சுற்றி ஈரம் கசிந்திருப்பதை, சாயங்காலம் கொடியில் துணி எடுக்கப் போனபோதுதான் கிளாரா பார்த்தாள். சாணார்பட்டிப் பக்கம் மழை பெய்து மாதக்கணக்காகிறது. கசிந்தது தண்ணீருமில்லை, சாம்பல் நிறச் சேறு. டீசலும் களிமண்ணும் கலந்த அந்த வாடை, ரொனால்டு லீவில் வரும்போதெல்லாம் எத்தனை தடவை அலசினாலும் அவன் சட்டையை விட்டுப் போகாத வாடை.

அவள் கணவன் ரொனால்டு, கடலோரத்தில் எண்ணெய்க் கிணறு தோண்டும் இடத்தில் சேறு கலக்கும் இன்ஜினியர். துளைக்குள் நிரப்பும் சேற்றின் கனம்தான் அடியிலிருக்கும் வாயுவை அமுக்கி வைத்திருக்கிறது என்பான். போன மாசியில் அந்தச் சேற்றுக்குள் வாயு புகுந்து கனம் குறைந்துவிட்டது. மற்றவர்கள் ஓட, இவன் மட்டும் கனம் கூட்டும் தூளைக் கொட்டிக்கொண்டே நின்றானாம். கிணறு வெடித்து, நின்ற தரையோடு அவனை விழுங்கியது. அடக்கத்துக்கு வந்த பெட்டியில் ஒரு சட்டைதான் இருந்தது.

கிளாரா சேற்றை விரலால் தொட்டாள். உடம்புச் சூடு இருந்தது. அள்ளிப் பார்த்தாள், கையில் கனமே இல்லை, அத்தனையும் குமிழ். மூடிக்கு அடியில் யாரோ மூச்சு விட்டார்கள்.

"கிளாரா... நெஞ்சு மேல கனமா இருக்கு. செத்த எடுத்து விடேன்."

அவன் குரல். அவளை அறியாமலே கை கல்லைப் பற்றியது. எத்தனை ராத்திரி இந்தக் குரலுக்காக வேண்டியிருப்பாள்! பிறகு கையை இழுத்துக்கொண்டாள். கனத்தை எடு என்று ரொனால்டு சொல்லமாட்டான். கனம் போதவில்லை என்றுதான் கடைசிவரை நின்றான்.

அழுதுகொண்டே வாசலுக்கு ஓடி, மூடிமேல் கொட்டிக் கனம் கூட்ட, வீடு பூசக் கொட்டியிருந்த மணலைக் கூடையில் அள்ளினாள்.

திரும்பி வந்தபோது மூடி விலகிக் கிடந்தது. மாமியார் இஞ்ஞாசியம்மாள் தரையோடு படுத்து, குழாய்க்குள் தோள்வரை கையை விட்டிருந்தார்.

"அத்தை! கைய எடுங்க. அது அவரு இல்ல!"

"எம்புள்ள மூச்சுவிட ஏலாம கூப்புடுறான். இல்லங்கிறியே, ஏத்தா?" சட்டென்று அந்த முகம் மலர்ந்தது. "புடிச்சுட்டான். என் கையப் புடிச்சுட்டான்டீ."

கூடை நழுவியது. கிளாரா அவர் இடுப்பைக் கட்டி இழுத்தாள்.

அசையவில்லை.

கீழே ஏதோ இழுத்தது. நிதானமாக.

சேறு ஏறியது. விளிம்பைத் தாண்டியது. இஞ்ஞாசியம்மாளின் கன்னத்தை மூடியது. வாயை மூடியது. குமிழ் வெடித்தது. ஒன்று. இன்னொன்று. பிறகு இல்லை.

மூடாத ஒரு கண் மட்டும் கிளாராவைப் பார்த்தது. மகனைப் பறிகொடுத்த நாளிலிருந்து காணாத சந்தோஷம் அதில் அப்படியே இருந்தது.