எடைக்கூண்டு

நிலவின் நான்காம் குடியிருப்பில் பிள்ளைகள் பள்ளிக்குப் போகப் படி இறங்குவதில்லை. இரண்டாம் மாடியிலிருந்து அப்படியே குதிப்பார்கள். அங்கே எடை பூமியில் இருப்பதில் ஆறில் ஒரு பங்குதான். மெதுவாக வந்து இறங்கி, பையைச் சரிசெய்துகொண்டு நடப்பார்கள்.

இதே பிள்ளைகளிடம், கையிலிருந்து விட்ட கல்லின் வேகம் இங்கே நொடிக்கு எவ்வளவு கூடும் என்று தேர்வில் கேட்டால், ஒன்பது புள்ளி எட்டு மீட்டர் என்று எழுதினார்கள். அது பூமியின் கணக்கு. பாடப்புத்தகமும் விடைதிருத்தும் இயந்திரமும் பூமியிலிருந்து வந்தவை.

ஜெரினா மட்டும் கல்லைப் போட்டு அளந்து, ஒன்று புள்ளி ஆறு என்று எழுதினாள். இயந்திரம் அவளைத் தோற்கடித்தது. மறுதேர்விலும் தோற்றால் மேற்படிப்பு கிடையாது; ஆயுள் முழுக்கச் சுரங்கத்தில் தூசி அள்ள வேண்டியதுதான்.

முனைவர் உலகநாச்சிக்கு வயிறு எரிந்தது. பிள்ளைகள் இயற்பியலை எங்கே தவறவிடுகிறார்கள் என்று ஆராயத்தான் அவளுக்கு ஆய்வு நல்கையாகப் பணம் கொடுத்திருந்தார்கள். ஜெரினாவின் விடைத்தாளோடு நல்கைக் குழுவின் முன் போய் நின்றாள். புத்தகத்தில் ஒரே ஒரு எண்ணை மாற்றினால் போதும் என்று வாதாடினாள்.

குழுவினர் நெளிந்தார்கள். எண்ணை மாற்றினால், அதை எழுதித் தேறி நாற்காலி பிடித்த அவர்கள் கதி என்ன? தலைவர் கோதண்டம் தொண்டையைச் செருமினார்.

"அருமையான ஆய்வும்மா. பாடமும் நிலவும் பொருந்தலைன்னு நிரூபிச்சுட்டீங்க. நிலவை மாத்திடுவோம்."

மாற்றினார்கள். பள்ளிக்குப் பின்னால் எடைக்கூண்டு எழும்பியது: தேர்வறையையே ராட்டினமாகச் சுழற்றி, உள்ளே பூமியின் எடையை உண்டாக்கும் எந்திரம். இம்முறை எல்லாப் பிள்ளைகளுக்கும் மறுதேர்வு அதற்குள் நடந்தது. வெளியே பெற்றோர் பிளாஸ்டிக் பைகளோடு பெருமையாகக் காத்திருந்தார்கள். கதவு திறந்ததும் வாந்தி நாற்றம் குப்பென்று அடித்தது. பிள்ளைகள் தவழ்ந்து வந்தார்கள். சீ, இதற்குப் பெயர் கல்வி.

ஜெரினா தேறிவிட்டாள். விடைதிருத்தும் இயந்திரம் அங்கேயே அறிவித்தது. அவள் அம்மா மகளின் வாயைத் துடைத்துவிட்டுக் கட்டிக்கொண்டாள். கோதண்டம் உலகநாச்சியின் கையைக் குலுக்கி, நல்கையை நீட்டித்திருப்பதாகச் சொன்னார்.

உலகநாச்சி ஜெரினாவின் அருகில் குனிந்தாள். கூண்டுக்குள் கல் எவ்வளவு வேகமாக விழுந்தது என்று ஆவலோடு கேட்டாள்.

"கல்லைத் தூக்கவே முடியல மிஸ்," என்றாள் ஜெரினா. "புஸ்தகத்துல இருந்ததை எழுதிட்டேன்."