உறையாத பால்

"என் குழந்தைக்கு என்னடா கலந்து கொடுத்தே?"

ஜெயராம், பால்காரர் அம்மாசியின் கழுத்துத் துண்டை முறுக்கிக்கொண்டிருந்தார். செந்தில்குமார் பாய்ந்து நடுவில் புகுந்தான். கோபாலபுரத்துத் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

"விடுங்க சார்! ஆள் செத்துடப் போறார்!"

மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியான ஜெயராம், துப்பறியும் ஜலஜாவைத் தேடி வந்தது அன்று காலையில்தான். ஐந்து வயது மகன் அனிருத் ஆஸ்பத்திரியில். ரத்தபேதி, காய்ச்சல்; மருந்து ஏற்றியும் இறங்கவில்லை. பாலில் விஷம் என்பது அவர் கட்சி.

ஜலஜாவின் உதவியாளன் செந்திலுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜலஜாவோ நிதானமாக ஜெயராம் வீட்டுச் சமையலறையிலிருந்து ஒரு கிண்ணத்துடன் வந்தாள். நேற்றுத் தோய்த்த பால், இன்னமும் பாலாகவே இருந்தது.

"எத்தனை நாளா இப்படி?"

கஞ்சி எடுத்துப்போக வந்திருந்த ஜெயராமின் மனைவி ஜானு விழித்தாள். "நாலஞ்சு நாளா. அதே உறைமோரை ஊத்தினா பாக்கெட் பால் கெட்டியா தோயறது."

"விஷம்னா வீட்டுல எல்லாரும் விழுந்திருக்கணுமே மேடம்?" என்றான் செந்தில்.

"நாங்க காய்ச்சித்தான் குடிப்போம். அவன் மட்டும் கறக்கறச்சயே நுரையோட ஒரு டம்ளர்..." என்றாள் ஜானு.

ஜலஜா திரும்பினாள். "அம்மாசி, மாட்டுக்குக் கழிச்சலா?"

"ஆமாம்மா. தெனம் ஊசி போட்டுக்கினு கீறேன். இப்ப தேவலை."

"காய்ச்சினா கிருமி செத்துடும். ஊசி மருந்து போகாது. பால்லயே தங்கி உறைமோரைக் கெடுக்குது. அந்த மருந்துக்கும் சாகாம மாட்டு வயித்துல தப்பிச்ச கிருமிதான் பச்சைப் பால் வழியா பையனுக்கு வந்திருக்கு. அது என்ன மருந்துன்னு தெரிஞ்சா டாக்டர் உடனே வேற மருந்துக்கு மாறுவார். யார் கொடுத்தாங்க?"

அம்மாசி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சொல்லுய்யா! பையன் உயிரு!" செந்தில் கத்தினான்.

"வேணும்னா நீயும் அடிச்சிக்க நைனா. சொல்லமாட்டேன்."

"அவரை விடு செந்தில்," என்றாள் ஜலஜா. "கடையில வாங்கியிருந்தா கடையைச் சொல்லியிருப்பார். அடி வாங்கியும் யாரையோ காப்பாத்தறார். இந்தத் தெருவுல ஊசி மருந்து சும்மா கிடைக்கிற வீடு எது?"

ஜெயராம் வெளுத்துப்போனார். "நான் கொடுக்கலை! சத்தியமா!"

"நீங்க இல்லை."

ஜானு கஞ்சிப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "மாடு எழுந்து நிக்க முடியாம தவிச்சது. அதைப் பார்த்துக் குழந்தை ஒரே அழுகை. உங்க சாம்பிள் மருந்துலேர்ந்து நான்தான் எடுத்துக் கொடுத்தேன். உங்களண்ட சொல்லப்படாதுன்னு அம்மாசிகிட்ட சத்தியம் வாங்கிண்டேன்."

"எந்த மருந்தும்மா?" செந்தில் ஸ்கூட்டர் சாவியோடு வாசற்படியில் நின்றான்.

ஜானு கணவர் பக்கம் திரும்பினாள்.

"ஆஸ்பத்திரியில மூணு நாளா அவனுக்கு ஏத்திண்டிருக்காளே... அதேதான்."