கார்ட் மாறும் இடம்

அன்றைக்கும் சரியாக அதே இடத்தில் முந்திக்கொண்டான் மாடிக்காரன்!

கண்ணாடிக் கடையில் தனியாக உட்கார்ந்து லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தவள் துணியை விட்டெறிந்தாள். அவன் மாடிக்குக் குடிவந்த ஒரு மாதமாக இதே கதை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேலே கிட்டார் ஆரம்பிக்கும். அமெரிக்க நாட்டுப்புறப் பாணியான கன்ட்ரி மியூசிக்... கம்பியை விரலால் வளைத்து வளைத்து அழவைக்கிற வாசிப்பு. அழகாகத்தான் வாசித்தான், பாவி! ஆனால் பின்னணியில் ஓடும் கார்ட், அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கொத்து, ஜி-யிலிருந்து சி-க்கு மாறும் இடத்தில் மட்டும், அது மாறுவதற்குள் இவன் முதலில் போய் நின்றுவிடுவான்.

அவளுக்கா தெரியாது? அண்ணன் மெட்டை லீடாக வாசிக்க, கூடவே கார்ட் பிடித்து வளர்ந்தவள். அண்ணன் கல்யாணமாகி வெளிநாடு போனதோடு அவள் கிட்டாரும் உறைக்குள் போயிற்று. அப்புறம் வீடு, கடை, வீடு... பேச்சுத்துணைக்குக்கூட ஆளில்லை.

மழை வேறு. இனி யாரும் கடைக்கு வரப்போவதில்லை. விறுவிறுவென்று மாடியேறிக் கதவைத் தட்டினாள்.

திறந்தவனின் கண்கள்... சே, தினமும் எத்தனை கண்களைச் சோதிக்கிறவள்! வந்த விஷயமே ஒரு நொடி மறந்துவிட்டது.

"ஜி-லேருந்து சி-க்கு மாறுறப்ப தினமும் முந்துறீங்க. கீழ இருக்கிறவளுக்கு இல்லாத படியில கால் வைக்கிற மாதிரி இருக்கு."

"கண்ணாடிக் கடையில காதும் டெஸ்ட் பண்றீங்களா?"

லிஃப்ட் மெக்கானிக் அவன், சட்டையெல்லாம் கிரீஸ். கார்டுகளைப் பதிந்து திரும்பத் திரும்ப ஓடவிடும் ஒரு சின்ன மெஷினைக் காட்டினான். "மூணு வருஷமா இதுகூடத்தான் வாசிக்கிறேன். இது ஒரு நாளும் குறை சொன்னதில்ல."

"அப்ப அதையே கட்டிக்கிட்டு அழுங்க!"

மறுநாள் மாடியில் சத்தமில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஆறு மணியானால் அவள் பார்வை தானாகக் கூரைக்குப் போயிற்று. மேலே போய் ஒரு வார்த்தை கேட்டால் என்ன? ஊஹூம்... ரோஷம் விடவில்லை. இருந்த ஒரே துணையையும் வாய்க்கொழுப்பால் விரட்டிவிட்டோமே என்று அழுகை வந்தது.

ஐந்தாம் நாள், தலை நனைய, கிட்டாரோடு அவனே வந்து வாசலில் நின்றான்.

"மெஷின் ரிப்பேரா?"

"இல்ல. நான் வாசிச்சதை மெஷின்ல பதிஞ்சு, நாலு நாளா ஹெட்ஃபோன்ல ஒக்காந்து கேட்டேன். நீங்க சொன்னது சரி. இவ்வளவு தெரிஞ்சவங்க வாசிக்காம இருக்க மாட்டீங்க... ஒரே ஒரு தடவை கார்ட் பிடிப்பீங்களா?"

கடைப் பரணில் கிடந்த தன் கிட்டாரை இறக்கி உறையைப் பிரித்தாள். சுருதி சேர்த்து, ஜி பிடித்தாள். மாறவேண்டிய இடம் வந்தது. வேண்டுமென்றே மாறாமல் நின்றாள். அவன் பழக்கதோஷத்தில் சி-க்குப் பாய்ந்து மோதினான். ஐயோ, நாராசம்!

"ஏன் மாத்தல?"

"நான் ஒருத்தி இருக்கேன்னு நீங்க பாக்கவே இல்ல..." சொல்லும்போதே அவள் குரல் உடைந்துவிட்டது.

அவன் அவளுக்கு நேரெதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டான். மறுபடி ஆரம்பித்தார்கள். இந்த முறை அவன் பார்வை அவள் இடது கையை விட்டு நகரவில்லை. அவள் விரல்கள் எழும்பும்வரை காத்திருந்தான்... இருவரும் ஒன்றாகச் சி-யில் வந்து இறங்கினார்கள். வாசிப்பு நின்றது. அவன் பார்வை கையிலிருந்து அவள் கண்களுக்கு வந்திருந்தது.

"மெஷின் எப்ப மாறும்னு எனக்கு மனப்பாடம். அதைப் பாக்கவே வேண்டாம்," என்றான் மெதுவாக. "நீங்க எப்ப மாத்துவீங்கன்னு தெரியல. அதனால... ஆயுசுக்கும் உங்களையே பாத்துக்கிட்டு இருக்கணும் போல இருக்கு."

"பாருங்க..." என்றாள் அவள். "என்னைப் பாக்க ஆளே இல்லாம ரொம்ப நாளாச்சு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய், கடை மூடியிருக்கிறது என்ற அட்டையை வாசல் பக்கம் திருப்பிவிட்டு வந்து, மறுபடியும் ஜி பிடித்தாள்.