அடிக்கவா?

சாவி திரும்பும் சத்தத்துக்கு ஒரு நொடி முன்னாலேயே ‘டிக்’ என்றது. காருக்கு அடியில் மல்லாந்து கிடந்த மெக்கானிக், காதுக்குத்தான் வயதாகிவிட்டது என்று விட்டுவிட்டான்.

மேலே சீட்டில் இருந்தது மெக்கானிக்கின் மனைவியுடைய தம்பி. வாய் ஓயாததால் வீட்டிலேயே அவனுக்கு ‘ரேடியோ’ என்று பேர்.

“லைட்டெல்லாம் பளிச்னு எரியுது அத்தான், பேட்டரி நல்லாத்தான் இருக்கு, வெறும் டிக்குதான். மறுபடி அடிக்கவா?”

“அடி.”

கீழே இவன் வண்டியைக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரைச் சுத்தியலால் தட்ட, மேலே அவன் சாவியைத் திருப்பி ஸ்டார்ட் அடிக்க, இன்ஜின் உறுமிக்கொண்டு கிளம்பியது. உதை வாங்கினால்தான் அசைவேன் என்கிற ஜென்மம். மோட்டாருக்குள்ளே கார்பன் கட்டை தேய்ந்திருக்கும், மாற்ற வேண்டியதுதான். ரேடியோ வண்டியை அணைத்தான். ஹேண்ட்பிரேக் பிடிக்காத வண்டி என்பதால் கியரில் போட்டு, முன் சக்கரத்துக்கு ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு, வேறு மோட்டார் வாங்கக் கடைக்குப் போனான்.

தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டது. மெக்கானிக் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு மறுபடி அடியில் நுழைந்தான். பழைய ஆயிலும் ஈர மண்ணும் கலந்த வாடை மூக்கில் ஏற, கைவிளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் தன் கை நிழலே தன்மேல் ஊர, கடைசி போல்ட்டைத் தளர்த்தியதும் மோட்டார் நழுவி, கைக்குழந்தையின் கனத்தோடு அவன் நெஞ்சில் உட்கார்ந்தது.

மேலே சீட்டு முனகியது. கதவு திறந்த சத்தம் கேட்கவே இல்லை.

“அடிக்கவா?”

“அதுக்குள்ள வந்துட்டியா? இருடா. மோட்டாரே என் நெஞ்சு மேல இருக்கு, எதை அடிப்ப?”

ரேடியோ ஒற்றை வார்த்தையோடு நிறுத்துகிறவன் இல்லை.

போன் அடித்தது. தடவி எடுத்தான்.

“அத்தான், கடையிலதான் நிக்கிறேன், மழை கொட்டுது, வர நேரமாகும். சாவி வேற என் பையிலயே வந்துடுச்சு…”

“அடிக்கவா?”

மேலேயிருந்து. அதே குரல்.

போனில் ரேடியோ தன் பேச்சைப் பாதியில் வெட்டினான். “அத்தான்… அங்க யாரு என் குரல்ல பேசறது?”

வெளியே வர முயன்றான். நெஞ்சுக் கனம் அசையவில்லை. கூடியிருந்தது. தலைமாட்டில் முன் சக்கரம். நடுவில் அந்தச் செங்கல்.

‘அடிக்காதே’ என்று கத்தத்தான் வாயைத் திறந்தான். மூச்சு பாதியில் நின்றுபோனது.

“அடி…”

டிக்.

வயரே இல்லாத மோட்டாரின் பல்சக்கரம், நெஞ்சின் மேல் ஒரு பல் நகர்ந்தது. தலைமாட்டில் சக்கரமும் நகர்ந்தது.

செங்கல் பொடி கண்ணில் விழுந்தது.

“மறுபடி அடிக்கவா?”